எதிர்ச் சுற்று

நவம்பர் 4, திங்கள்

தின்பதை எழுது, நடப்பதை எழுது என்று ஆஸ்பத்திரியில் சாப்பாடு சொல்லும் பெண் உத்தரவு போட்டிருக்கிறாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு இது பெரிய வேலை. எழுதுகிறேன்.

காலை: ராகிக் களி ஓர் உருண்டை, கீரை. மதியம்: கைப்பிடி சோறு, கொள்ளு. இரவு: எண்ணெய் தொடாத சப்பாத்தி. சப்பாத்தி என்று பேர்தான், அட்டை.

நடை: கொக்கணாங்குளம், ஒரு சுற்று.

பெரிய டாக்டர் இன்று சொன்னது: "பாட்டி, எண்பத்தொரு கிலோ இருக்கீங்க. பிரஷரும் சர்க்கரையும் எல்லையில நிக்குது. இந்த உடம்புல இருந்து கிட்னி எடுத்தா உங்களுக்கே ஆபத்து. பத்து கிலோ கொறைச்சுட்டு வாங்க, பாக்கலாம்."

பாட்டி என்றார். அவருக்கும் என் வயதுதான் இருக்கும். தலைக்கு மை அடித்திருக்கிறார். காது ஓரம் மை ஒட்டியிருந்தது.

கிட்னி என் மகள் சுகந்திக்கு. அவளுக்கு இரண்டும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் மெஷினில் ரத்தம் சுத்தம் செய்கிறார்கள். மருமகன் பெனடிக்ட்டின் ரத்தம் அவளுக்குச் சேரவில்லை. என்னுடையது சேர்கிறது. அதனால் அவளோடு ராசியாகிவிட்டேன் என்று அர்த்தமில்லை. பேசி ஒன்பது வருடம் ஆகிறது. கொடுக்கப் போவது நான்தான் என்பது அவளுக்குத் தெரியக் கூடாது, டாக்டர் சரி என்ற பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று பெனடிக்ட்டிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். பத்து கிலோ குறைக்க முடியாமல் போனால், அவள் சிரிக்கிற சிரிப்பை வேறு நான் பார்க்க வேண்டுமா?

நவம்பர் 6, புதன்

சாப்பாடு அதேதான்.

குளத்தைப் பற்றி எழுத வேண்டும். கரை மேல் செம்மண் பாதை போட்டிருக்கிறார்கள். ஏற்றமில்லை, இறக்கமில்லை, தவழுகிற குழந்தைகூடச் சுற்றி வந்துவிடும். பெரிய குளம் ஒன்று, அதன் வால் பக்கம் இரண்டு குட்டை, நடுவில் சேறும் கோரையும். வாசலில் பறவைகளின் படம் போட்ட பலகை. அதில் நீலத் தாழைக்கோழி என்று எழுதியிருக்கிறது. சிவப்புக் காலைத் தூக்கித் தூக்கி வைத்து, புதுப்பெண் மாதிரி கோரைக்குள் நடக்கும். காய்ந்த வேலமரத்தில் நீர்க்காகங்கள் ஈரச் சட்டையை உலர்த்துகிற மாதிரி இறக்கையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன.

எல்லோரும் கோயிலைச் சுற்றுவது போல வலமாகத்தான் சுற்றுகிறார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, கால் தானாகத் திரும்புகிறது. நான் மட்டும் இடமாகச் சுற்றுகிறேன். வாட்ச்மேன் தடுத்தான்.

"ஆத்தா, எதிர்சுத்து சுத்தக் கூடாதுங்க. கருமாதிக்குத்தான் அப்படிச் சுத்துவாங்க."

"குளமென்ன சாமியா?"

"சாமி இல்லீங்க..."

"அப்பறமென்ன? கொக்கு ஏதாச்சும் உங்கிட்டக் குத்தம் சொல்லுச்சா?"

காரணம் வேலாத்தாள். என் அண்ணன் பெண்டாட்டி, எனக்கு நங்கை முறை. அவளும் காலையில் அங்கே நடக்கிறாள். அவளோடும் பேச்சில்லை. அவள் பின்னால் நடக்கக் கூடாது என்றுதான் எதிர்ச்சுற்றை எடுத்தேன். எடுத்த பிறகுதான் புத்தியில் பட்டது. பின்னால் போயிருந்தால் முதுகை மட்டும் பார்த்திருக்கலாம். எதிரே வந்தால் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இப்போது மாற்றினால் அவள் ஜெயித்த மாதிரி ஆகிவிடும். மாற்றவில்லை.

நவம்பர் 9, சனி

வேலாத்தாள் இன்று பச்சை ஸ்வெட்டர். முதல் தடவை நான் நீர்க்காகத்தைப் பார்த்தேன். இரண்டாம் தடவை அவள் செல்போனைப் பார்த்தாள்.

நவம்பர் 18, திங்கள்

இன்றிலிருந்து ஓட்டம். கோரைக்காட்டு ஓரம் மட்டும் ஓடுவது, மற்ற இடமெல்லாம் நடை. புடவையை மேலே ஏற்றிச் செருகி, பக்கத்து வீட்டுப் பையன் போட்டு ஒதுக்கிய ஷூவில் பஞ்சு வைத்து ஓடினேன். ஓட்டம் என்றா சொல்வது? காளை வண்டி வேகம்தான். ஆனாலும் இரண்டு காலும் ஒரே சமயத்தில் தரையில் இல்லை, அதனால் ஓட்டம்.

மில்லில் ஸ்பின்னிங்கில் சைடு பார்த்தவள் நான். அறுந்த நூலை ஒட்டிக்கொண்டே மிஷினைச் சுற்றிச் சுற்றி ஒரு ஷிப்டு முழுக்க நடந்த கால்கள் இவை. ஆனால் மூச்சுக்கு அது மறந்துவிட்டது. குட்டை ஓரம் நின்று, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சிளைத்தேன். தண்ணீரில் முக்குளிப்பான் ஒன்று என்னைப் பார்த்துவிட்டு முங்கிக்கொண்டது. அதற்கே வெட்கமாகிவிட்டது போல.

நவம்பர் 30, சனி

மழை. சேற்றில் ஷூ சிக்கியது. ஒரு சுற்று முழுவதும் ஓட முடியவில்லை. நாளைக்கு ஓடுவேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

ஓடினேன்.

டிசம்பர் 6, வெள்ளி

மூன்று கிலோ குறைந்திருக்கிறது. சாப்பாடு சொல்லும் பெண் கை தட்டினாள். இந்த ஏட்டைப் புரட்டிவிட்டு, "இதுல சாப்பாட்டை விட சண்டைதான் நெறையா இருக்குதுங்க ஆத்தா" என்றாள். சண்டைக்கு எடை ஏறாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவள் படிக்கட்டும் என்றே இதை எழுதுகிறேன். வேலாத்தாளோடும் சுகந்தியோடும் எதற்குப் பேச்சில்லை என்று கேட்டாளே.

சுகந்தி வேற்று மதத்துப் பையனைக் கட்டிக்கொண்டாள். அது கோபம்தான், ஆனால் அதை நான் விழுங்கிவிட்டேன். அவள் ஏழு மாதமாக இருந்தபோது, அழைக்காவிட்டால் போகிறது என்று நானே கட்டுச்சோறு எடுத்தேன். தாய்வீட்டுச் சோறு தின்னாமல் எந்தப் பெண்ணும் பிரசவத்துக்குப் போகக் கூடாது. புளி, எலுமிச்சை, தேங்காய், தயிர், சர்க்கரைப் பொங்கல். ஐந்தும் தூக்குச் சட்டிகளில். ஒற்றை ஆளாக டவுன் பஸ் ஏறிப் போனேன். புளிச்சோற்றுச் சட்டி மடியில் சுட்டது. கண்டக்டர் சட்டிகளுக்கும் டிக்கெட் கேட்டான். போனால் வீடு பூட்டியிருந்தது. பித்தளைப் பூட்டு, மேலே சிங்கம். படியில் வெயில் இறங்கும் வரை உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. அதே பஸ்ஸில் அதே சட்டிகளோடு திரும்பினேன். வீட்டில் வேலாத்தாள் இருந்தாள். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, மறுநாள் ஊர் முழுக்கச் சொன்னாள்: "மயிலாத்தா கொண்டுபோன சோத்தை மக தொடலையாமா."

இதுதான் காரணம். போதுமா, கண்ணு?

டிசம்பர் 15, ஞாயிறு

பெனடிக்ட் குளத்துக்கே வந்துவிட்டான். ரிப்போர்ட்டுக்கு என் ஆதார் நகல் வேண்டுமாம். கரையில் நின்று வாங்கினான். போகாமல் நின்றான்.

"அத்தை, ஒண்ணு சொல்லோணுமுங்க. அந்தக் கட்டுச்சோறு..."

"அதைப் பத்திப் பேசாத."

"நீங்க வந்தன்னிக்குக் காலையில அவளுக்குக் காலெல்லாம் வீங்கி, பிரஷர் ஏறி, வலிப்பு வந்துருச்சுங்க. தூக்கிட்டு ஓடுனோம். கொழந்தையை அன்னிக்கே எடுத்துட்டாங்க. கிட்னி அன்னிக்கு அடிபட்டதுதானுங்க. அதுதான் கொஞ்சங்கொஞ்சமாப் போயி, இப்ப இப்படி..."

"சொல்லியிருக்கலாம். ஃபோன்னு ஒண்ணு கண்டுபுடிச்சு வெச்சிருக்கறாங்க."

"நாலு நாள் கழிச்சு அடிச்சனுங்க அத்தை. பல தடவை. நீங்க எடுக்கலை."

கூழைக்கடாக்கள் பத்துப் பதினைந்து ஒன்றாக நீந்தி, வட்டம் கட்டி மீனை நடுவில் தள்ளிக்கொண்டு போயின. ஒன்று மூழ்கினால் எல்லாமே மூழ்கின. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் எப்போது போனான் என்று தெரியாது.

இன்னொரு சுற்று ஓடினேன். அதற்குப் பிறகும் ஒன்று.

டிசம்பர் 16, திங்கள்

இரவில் தூக்கம் சரியில்லை. சப்பாத்தி செரிக்கவில்லை.

டிசம்பர் 29, ஞாயிறு

விழுந்துவிட்டேன்.

இரண்டாவது குட்டை வளைவில் தண்ணீர்ப்பாம்பு ஒன்று பாதையைக் கடந்தது. மிதிக்கக் கூடாது என்று தாண்டினேன். கணுக்கால் மடங்கியது. பாம்பு தன் பாட்டுக்குக் கோரைக்குள் போய்விட்டது. எதிரே யார் வர வேண்டும்? வேலாத்தாள்தான்.

அருகில் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். ஒன்பது வருடத்தில் முதல் பேச்சு.

"எதிர்சுத்து சுத்தாதீன்னு வாட்ச்மேன் சொன்னானா, இல்லையா?"

"பாம்புக்கு எந்தச் சுத்துன்னு தெரியுமாக்கும்?"

"வாய் மட்டும் சுளுக்கலை. புடி, எந்திரி."

"நானே எந்திரிச்சுக்குவேன்."

"ஆமா, எந்திரிச்ச லச்சணத்தைத்தான் பாத்தனே." கைக்கடியில் கையைக் கொடுத்துத் தூக்கினாள். கிழவிக்கு இன்னும் பலம் இருக்கிறது. பெஞ்சில் உட்கார வைத்து, துண்டை நனைத்துக் கணுக்காலில் சுற்றினாள்.

"நடந்தாப் பத்தாதா? இந்த வயசுல என்ன ஓட்டம்? யாரைப் புடிக்கப் போற?"

நான் ஷூவில் ஒட்டிய சேற்றைத் துடைத்தேன்.

"சுகந்திக்குத்தானே?" என்றாள்.

என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள். "பெனடிக்டு எங்கூட்டுக்கும் வந்தான், மயிலா. உங்கண்ணனுக்குச் சர்க்கரை. நான் போயி ரத்தம் குடுத்துப் பாத்தேன். என்ற ரத்தம் சேருது. ஆனா அத்தை மொறை நெருங்கின சொந்தம் இல்லையாமா. ஏகப்பட்ட சட்டம் சொல்லித் திருப்பி அனுப்பிட்டாங்க."

இதை இங்கே எழுதி வைக்கிறேன்: என்னைக் கேட்பதற்கு முன்னால் இவளைப் போய்க் கேட்டிருக்கிறான். பெனடிக்ட்டின் கணக்கில் இது ஒன்று.

ஆட்டோ பிடித்து வீட்டில் கொண்டுவந்து விட்டாள். வாசலோடு போய்விட்டாள். நான் உள்ளே கூப்பிடவில்லை. நாளைக்குக் கூப்பிடலாம்.

ஜனவரி 15, புதன், மாட்டுப் பொங்கல்

கால் வீக்கம் வடிந்தது. இத்தனை நாளும் கூடத்துக்கும் சமையல்கட்டுக்கும் நடை. வேலாத்தாள் அவ்வப்போது கொள்ளு ரசம் கொண்டுவந்தாள். உப்பு அதிகம். பிரஷர்காரிக்கு இவ்வளவு உப்பா என்று கேட்டேன். அடுத்த தடவை உப்பே போடாமல் கொண்டுவந்தாள். இரண்டும் வேண்டுமென்றே செய்ததுதான்.

சர்க்கரைப் பொங்கல் தின்னவில்லை. மோந்து மட்டும் பார்த்தேன்.

ஜனவரி 16, வியாழன்

மறுபடி குளம். நடை மட்டும். நத்தைகுத்தி நாரைகள் வந்திருக்கின்றன. அலகு நடுவில் இடைவெளி விட்டு, மூடத் தெரியாத கதவு மாதிரி இருக்கும். வேலாத்தாள் வலச்சுற்று, நான் எதிர்ச்சுற்று. எதிரே வரும்போது முகத்தைத் திருப்புவதில்லை.

"என்ன, இன்னிக்கு ஆமை ஜெயிச்சுரும்போல?" என்று கேட்டாள்.

"ஆமைக்கு உன்னையாட்டம் வாய் கெடையாது" என்றேன்.

பிப்ரவரி 6, வியாழன்

எழுபத்தொன்று. முள் அதற்கு மேலே போகவில்லை, இரண்டு தடவை ஏறிப் பார்த்தேன். பிரஷர் ஒரு மாத்திரையில் அடங்கிவிட்டது. சர்க்கரையும் இறங்கிவிட்டது. ஸ்கேன், ரத்தம், இருதயம் எல்லாம் பார்த்துவிட்டார்கள். பெரிய டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா செஞ்சீங்க?" என்றார். இப்போது அம்மா.

"குளத்தைச் சுத்துனேன்" என்றேன்.

இனிக் கமிட்டி ஒன்றுதான் பாக்கி. நான் மனமொப்பித்தான் கொடுக்கிறேனா என்று கேட்பார்களாம். ஊருக்கே தெரியும், என்னை யாரும் எதுவும் செய்ய வைக்க முடியாது என்று.

பிப்ரவரி 20, வியாழன்

கமிட்டி. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று டாக்டர்கள், ஒரு கேமரா. நடுவில் இருந்த பெண் டாக்டர் நல்ல மாதிரிதான். பணத்துக்காகவா, யாராவது மிரட்டினார்களா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"மகளோட கடைசியா எப்பப் பேசினீங்க?"

பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. "ஒம்பது வருசமாச்சுங்க."

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஒன்பது வருஷமா பேசாத மகளுக்கு எதுக்காகக் கிட்னி கொடுக்கறீங்க?"

"கோவம் வேற, கிட்னி வேறங்க."

"அப்ப கோபம் இன்னும் இருக்கு?"

"அது எங்கீங்க போகும்? கோவம் தீந்தாத்தான் ஒருத்தருக்கு ஒருத்தர் குடுக்கோணும்னா, எங்க சொந்தத்துல குடிக்கத் தண்ணி கெடைக்காதுங்க."

ஓரத்தில் இருந்தவர் சிரித்துவிட்டார். நடு டாக்டர் சிரிக்கவில்லை. இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துக் கேட்க வேண்டும் என்று சுகந்தியை உள்ளே வரச் சொன்னார். இப்படிச் செய்வார்கள் என்று பெனடிக்ட்டுக்கே தெரியவில்லை. ஆள் கிடைத்தாயிற்று என்ற அளவுக்குத்தான் அவளிடம் சொல்லிக் கூட்டி வந்திருக்கிறான்.

வந்தாள். முகம் ஊதியிருந்தது. ஊசி குத்துகிற கையில் நரம்பு கயிறு மாதிரி புடைத்திருந்தது. அவளைப் பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். பார்த்தேன்.

"உங்க அம்மாதான் கொடுக்கறாங்க. உங்களுக்குச் சம்மதமா?"

சுகந்தி என்னைப் பார்த்தாள். தோல் தளர்ந்து தொங்குகிற என் கழுத்தைப் பார்த்தாள். பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, "வேண்டாமுங்க" என்றாள்.

ஏன் என்று நடு டாக்டர் கேட்டார்.

"எனக்கு எங்கம்மாவைத் தெரியுமுங்க. எதையும் மறக்காது. கொண்டாந்த கட்டுச்சோத்தை நாந் திங்கலைன்னு ஒம்பது வருசம் பேசலை. கிட்னியக் குடுத்தா? ஆயுசுக்கும் சொல்லிக் காட்டும். அதுக்கு மெசினே தேவலை."

வாங்குபவர் சம்மதிக்காமல் எதுவும் நடக்காது, இரண்டு பேரும் யோசித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

பிப்ரவரி 21, வெள்ளி

ஓடவில்லை. காலுக்கு ஒன்றுமில்லை.

பிப்ரவரி 22, சனி

வேலாத்தாள் வந்தாள். நடந்தது தெரிந்திருக்கிறது. "நாஞ் சொல்லிக் காட்ட மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லீரு. முடிஞ்சுது" என்றாள்.

"அது பொய்யாச்சே."

"பொய்தான். அதனால என்ன?"

"அவளுக்குத் தெரிஞ்சுரும். என்ற மக அவ."

வேலாத்தாள் எழுந்துகொண்டாள். நாளைக்குக் குளத்துக்கு வா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அந்தக் குரலை எனக்குத் தெரியும். ஏதோ ஏற்பாடு செய்யப் போகிறாள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

கூட்டம் அதிகம். வேலாத்தாள் இல்லை. ஓடத் தொடங்கினேன். கோரைக்காடு தாண்டி முதல் குட்டை வளைவில் திரும்பினால், எதிரே சுகந்தி. பெனடிக்ட் ஒரு பக்கம், பேத்தி ஜெனிட்டா ஒரு பக்கம். பாதையில் ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் சேறு. விலகிப் போக இருவருக்கும் வழியில்லை.

பெனடிக்ட் சட்டென்று, "ஜெனி, அங்க பாரு, கூழைக்கடா" என்று குழந்தையைக் கூட்டிக்கொண்டு நகர்ந்துவிட்டான். அங்கே கூழைக்கடாவே இல்லை.

சுகந்தி நின்றபடி என் ஷூவைப் பார்த்தாள். புடவைச் செருகலைப் பார்த்தாள். "இந்தக் கோலத்துலயா தெனமும் ஓடுன?" என்றாள்.

"வேற எந்தக் கோலத்துல ஓடுவாங்க?"

அவளுக்கு மூச்சு வாங்கியது. பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் நின்றுகொண்டிருந்தேன். உட்கார்ந்தால் எழுந்து ஓட முடியாது.

"வேலாத்தா அத்தை சொல்லித்தான் வந்தேன். காத்து வாங்க வந்தேன். என்ற முடிவு மாறலை" என்றாள்.

"சரி."

"உன்னால சொல்லிக் காட்டாம இருக்க முடியுமாம்மா? நெசத்தைச் சொல்லு."

யோசித்தேன். நன்றாகத்தான் யோசித்தேன். ஒரு நீர்க்காகம் மீனைத் தூக்கிப் போட்டு, தலைப் பக்கமாகப் பிடித்து விழுங்கி முடிக்கும் வரை யோசித்தேன்.

"முடியாது" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள், தெரிந்ததுதானே என்பது போல.

"சொல்லிக் காட்டுவேன். கொழம்புல உப்புக் கொறஞ்சாக் காட்டுவேன். ஃபோன் எடுக்கலைன்னாக் காட்டுவேன். உம்புள்ளை கலியாணத்துல மைக்குல சொன்னாலும் சொல்லுவேன். சாகற வரைக்கும் சொல்லுவேன். ஆனா சுகந்தி, அதைக் கேக்கறதுக்கு நீ இருக்கோணும். நீ இல்லாமப் போனா நான் ஆருகிட்டச் சொல்லிக் காட்டுவேன்?"

அவள் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தாள். கோபம் வந்தாலும் அழுகை வந்தாலும் அவளுக்கு ஒரே முகம்தான். சின்ன வயதிலிருந்தே அப்படி. இது எது என்று எனக்குத் தெரியவில்லை. ஷூ கயிறு அவிழ்ந்திருந்தது, குனிந்து கட்டினேன். கட்டி முடித்த பிறகும் குனிந்தே இருந்தேன்.

தலைக்கு மேலே அவள் குரல் வந்தது.

"ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் சொல்லோணும்."

"ரெண்டு."

"ஒண்ணு."

"ரெண்டு. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு."

"ஞாயித்துக்கெழமை கெடையாது."

"ஞாயித்துக்கெழமைதாண்டி வேலையில்லாம இருப்பேன். அன்னைக்கு மூணு."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்ததில் மூச்சிளைத்தாள். இளைத்துக்கொண்டே, "வியாழக்கெழமை கமிட்டிக்கு வர்றேன்னு அவருகிட்டச் சொல்லு" என்றாள்.

"உன்ற புருசன். நீயே சொல்லு" என்றேன்.